ராத்திரி ரீங்காரம்: அபார்ட்மென்டில் ஓசை பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

2020 மே 20 அன்று மதியம் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு பெங்களூர் முழுக்க ஒரு பெரிய ஓசை கேட்டது. ஜன்னல்கள் அதிர்ந்தன. நிலநடுக்கமோ என்று பலர் வாசலுக்கு ஓடிவந்தார்கள். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தன் நில அதிர்வுக் கருவிகளைப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் பதிவாகவில்லை என்றது. மாலையில்தான் பாதுகாப்புத் துறையிடமிருந்து விளக்கம் வந்தது: விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று, ஒலியை மிஞ்சும் வேகத்தில், நகர எல்லைக்கு வெளியே பறந்திருக்கிறது. ஓசை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. எப்போது கேட்டது என்பதில் மட்டும் ஊரே ஒரே பதிலைச் சொன்னது.

உங்கள் அபார்ட்மென்டில் ராத்திரி கேட்கும் 'ங்ங்ங்...' என்ற ரீங்காரத்துக்கும் இதே விதிதான். "எங்கே?" என்று தொடங்கினால் மேல்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம்தான் மிஞ்சும். "எப்போது?", "என்ன சுருதி?" என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் தேடுங்கள். இடம் கடைசியில் தானாகத் தெரியவரும்.

காது ஏன் ஏமாறுகிறது

100 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் 3.4 மீட்டர், 50 ஹெர்ட்ஸுக்கு 6.8 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை இரண்டு காதுகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தொடும். அறைக்குள் சுவர்களும் அதைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால், திசையைக் கணிக்க மூளைக்குப் பிடி கிடைப்பதில்லை. விஜயபுராவின் கோல் கும்பஸில் ஒரு சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ச் சுவரோரம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். இத்தகைய மண்டபங்களை சி.வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஓசை கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு.

அபார்ட்மென்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வீணையில் தந்தியை மட்டும் மீட்டினால் ஓசை மெலிதுதான்; அதைப் பெரிதாக்குவது குடம். பேஸ்மென்ட் பம்ப் தந்தி என்றால், ஆறாவது மாடி படுக்கையறைச் சுவர்தான் குடம். பம்ப் அறைக்குள் நின்றால் ஓசை சாதாரணமாகத் தெரியும். அதன் அதிர்வு குழாய் வழியாகவும் கான்கிரீட் வழியாகவும் ஏறி, நடுவில் நான்கு மாடிகளை விட்டுவிட்டு, உங்கள் தலைமாட்டில் வந்து பேசும்.

அறைக்குள்ளேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 3.4 மீட்டர் அகல அறையில் 50 ஹெர்ட்ஸ் ஓசை எதிரெதிர்ச் சுவர்களின் அருகே பலமாகவும் நடுவில் மங்கியும் கேட்கும். மூலையில் நின்று கேட்டுவிட்டு அறையின் நடுவுக்கு வாருங்கள். ஓசை தேய்ந்தால் நீங்கள் கேட்பது தாழ்ந்த ஓசைதான். அந்த மூலைக்குப் பின்னால்தான் இயந்திரம் இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் வேலை: நோட்டுப் புத்தகம்

ஒரு வாரம் எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த அறை, தொடர்ந்து கேட்டதா விட்டுவிட்டா, அப்போது கரண்ட் இருந்ததா. ஆறே பத்திகள் போதும். "ராத்திரி முழுக்க" என்று எழுதாதீர்கள். கண் விழித்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவரும் தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல்.

நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்:

- காவிரித் தண்ணீர் விடும் நாட்களில் மட்டும் கேட்டால் சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்.
- அரை மணி ஓடி அரை மணி நின்றால் டைமரில் இயங்கும் எஸ்.டி.பி. பிளோயர். கழிவுநீரில் காற்றை ஊதும் இயந்திரம் இது.
- கேட்டருகே எஞ்சின் உறுமலோடு இருபது நிமிடம் கேட்டு நின்றால் தண்ணீர் டேங்கர்.
- விடியற்காலை 3 மணிக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரை நிமிடம் மட்டும் கேட்டால் பிரஷர் பம்ப். அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை. எங்கோ ஒரு ஃபிளஷ் டாங்க் ஒழுகுகிறது. குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் விழித்துக்கொள்கிறது. வாஷரை மாற்றினால் ஓசையும் நிற்கும், தண்ணீரும் மிஞ்சும்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கை. "ராத்திரி 11 மணிக்குத் தொடங்குகிறது" என்று பலர் எழுதுவார்கள். 11 மணிக்கு ஓய்ந்தது ரோட்டு இரைச்சலாக இருக்கலாம். இயந்திரம் பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலோ, பந்த் நாளிலோ, ஜன்னல்களைச் சாத்திவிட்டு அதே இடத்தில் கேட்டு இதைச் சரிபாருங்கள்.

கரண்ட் போவது இலவசச் சோதனை

பெங்களூரில் இந்தச் சோதனைக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளை பெஸ்காம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள். கரண்ட் போன முதல் பத்து வினாடிகள், அதாவது ஜெனரேட்டர் பிடிப்பதற்கு முந்தைய அமைதி, மிக முக்கியம்.

ஓசை உடனே நின்றால் உங்கள் கட்டடத்தின் அல்லது தெருவின் மின்சாரத்தில் ஓடும் ஏதோ ஒன்று. ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து சில வினாடிகளில் அடங்கினால் சுழலும் கனமான இயந்திரம், பெரும்பாலும் பிளோயர் அல்லது பெரிய ஃபேன். ஓசை நிற்கவே இல்லை என்றால் வேறு மின்தடத்தில் இருக்கும் பக்கத்துக் கட்டடம், மொபைல் டவரின் பேட்டரிச் சாதனங்கள், அல்லது உங்கள் காது.

கரண்ட் போனபின் புதிதாக ஒரு ரீங்காரம் தொடங்கினால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் சீலிங் ஃபேன் முனகும். அது ஃபேனின் கோளாறு அல்ல. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறினால் தீரும்.

இந்தச் சோதனையின் வலிமையை உலகம் பெரிய அளவில் ஒருமுறை பார்த்தது. கனடாவின் விண்ட்சர் நகரவாசிகள் 2011 முதல் ஒரு ரீங்காரத்தைப் பற்றிப் புகார் சொன்னார்கள். ஆற்றின் எதிர்க்கரையில், அமெரிக்காவின் சக் தீவில் இருந்த எஃகு ஆலை மீது சந்தேகம் விழுந்தது; ஆய்வுகளும் கடிதங்களும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2020 ஏப்ரலில் ஆலை தன் ஊதுலைகளை நிறுத்தியபோது ரீங்காரமும் நின்றது. ஆண்டுக்கணக்கில் வாதாடித் தீராதது ஒரு சுவிட்சில் தீர்ந்தது.

உங்கள் வீட்டை முதலில் விடுவியுங்கள்

அக்கம்பக்கத்தில் கேட்கும் முன் உங்கள் வீட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பல அபார்ட்மென்டுகளில் ஜெனரேட்டர் லைன் தனியாக வரும், அதன் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள். ஓசை நின்றிருந்தால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது ஓசை திரும்புகிறதோ அந்த லைனில்தான் குற்றவாளி. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் தானாக நின்று நின்று ஓடும் என்பதால் அதற்கு அரை மணி கொடுங்கள்.

வீட்டுக்குள் வழக்கமான ஆசாமிகள்: சுவரை ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர், ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டரின் சிறு பம்ப், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், பால்கனிச் சுவரில் இறுக்கிய ஏசி அவுட்டோர் யூனிட். குழாயும் பாடும். பாத்ரூம் குழாயை லேசாகத் திறக்கும்போது ஓசை மாறினால், தேய்ந்த வாஷரோ பாதி மூடிய ஃப்ளோட் வால்வோ காரணம்.

சுருதி பாருங்கள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை நுண்ணளவு நீண்டு சுருங்குவதால் அதன் ஓசை 100 ஹெர்ட்ஸில் வரும். பாட்டுக் கற்றவர்களுக்கு இதைப் பிடிக்கக் கருவியே வேண்டாம். சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். அந்த ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, ஒரு இழை தூக்கலாக நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் சுருதி.

மற்றவர்கள் போனைப் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி ஒலியின் அலைவரிசையைக் காட்டும். போனைத் தரையில் வைத்தால் அதிலுள்ள அதிர்வு உணரியைக் கொண்டு தரையின் நடுக்கத்தையும் காட்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் அரை நிமிடம் பதிவு செய்து கணினியில் அவுடாசிட்டி மென்பொருளில் திறந்து, அலைவரிசை ஆய்வின் அளவை 65536 என வையுங்கள். ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைந்த வித்தியாசம் புலப்படும். பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜரின் குறுக்கீடே 50 ஹெர்ட்ஸில் கோடு போடும். வாட்ஸ்அப் குரல்செய்தியை நம்பாதீர்கள். பேச்சுக்காகச் செய்த பதிவில் சீரான ரீங்காரம் வடிகட்டப்பட்டுவிடலாம்.

கிடைத்த எண்ணை இப்படிப் படியுங்கள்:

- 24 முதல் 25 வரை: நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று ஓடும் மோட்டார். காதைவிடக் கட்டிலில் அதிகம் தெரியும்.
- 48 முதல் 49 வரை: சுமார் 2900 சுற்று ஓடும் தண்ணீர் மோட்டார். இந்த வகை மோட்டார் மின்சாரத்தின் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியே சுழலும். அதனால் ஒருபோதும் சரியாக 50-ஐத் தொடாது.
- 50 அல்லது 75: 1500 சுற்று ஓடும் ஜெனரேட்டர். நான்கு சிலிண்டருக்கு 50, ஆறு சிலிண்டருக்கு 75.
- 80-ஐ ஒட்டி: இரட்டை மடல் பிளோயராக இருக்கலாம். ஒரு சுற்றுக்கு நான்கு முறை காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் 80. சுற்று மாறினால் எண்ணும் மாறும்.
- பிசகாமல் 100, கூடவே 200, 300: டிரான்ஸ்ஃபார்மர், யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர்.
- 290-ஐ ஒட்டி: ஆறு இறக்கை கொண்ட பம்ப் தண்ணீரை வெட்டும் ஓசை.
- மேலும் கீழும் வழுக்கும் சுருதி: வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பிரஷர் பம்ப்.

ஓசை அலையலையாகப் பெருகித் தேய்ந்தால் இரண்டு இயந்திரங்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. 48.2-ம் 48.7-ம் சேர்ந்தால் இரண்டு வினாடிக்கு ஓர் அலை. அப்போது ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு "இது இல்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அமெரிக்காவின் கொகோமோ நகர ரீங்காரத்தை 2003-இல் ஆராய்ந்தவர்கள் இரண்டு ஆலைகளைக் கண்டார்கள்: ஒன்றின் குளிர்விப்புக் கோபுர ஃபேனிலிருந்து 36 ஹெர்ட்ஸ், இன்னொன்றின் கம்ப்ரஸரிலிருந்து 10 ஹெர்ட்ஸ்.

இப்போது நடக்கலாம்

நேரமும் சுருதியும் கையில் இருந்தால் நடையை அங்கிருந்து திட்டமிடலாம். மொட்டை மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளத்திலும் ஒரே இடத்தில், படிக்கட்டுத் திருப்பத்தில், அதே செயலியோடு நில்லுங்கள். குழாய்கள் ஓடும் ஷாஃப்ட், லிஃப்ட் சுவர், மின்பலகை அறை ஆகிய மூன்றையும் விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். மெக்கானிக்குகள் செய்வதுபோல நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரிலோ தண்ணீர்க் குழாயிலோ வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கலாம். மின்பெட்டியிலும் சுழலும் பாகத்திலும் இதைச் செய்யக்கூடாது.

பட்டியல் ஒன்றிரண்டு இயந்திரங்களாகச் சுருங்கியதும் அணைத்துப் பார்க்கும் ராத்திரி. இதை அசோசியேஷன் செயலாளருக்குச் சொல்லி, கட்டட எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். லிஃப்டில் ஆள் இல்லை என்பதையும், எந்த வீட்டிலாவது ஆக்சிஜன் இயந்திரம் போன்ற மருத்துவச் சாதனம் ஓடுகிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடம் "ஐது நிமிஷ பம்ப் ஆஃப் மாடி" என்று கன்னடத்தில் கேட்பது "பம்ப் சத்தம் தாங்கல" என்று கத்துவதைவிட வேகமாக வேலை செய்யும். நீங்கள் மாடியில் கேட்டுக்கொண்டிருங்கள். கீழே எப்போது அணைத்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் குறித்த நேரமும் அவர் குறித்த நேரமும் மூன்று முறை ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது.

எதை அணைத்தாலும் ஓசை நிற்கவில்லை, வேறு யாருக்கும் கேட்கவில்லை, வெளியூர் போனாலும் கூடவே வருகிறது என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். காதுக்குள் கேட்கும் ஓசையும் உண்மையான தொல்லைதான்; அதற்கு மருத்துவ உதவி உண்டு. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

எதற்கு என்ன மருந்து

தண்ணீர் மோட்டார்: அடியில் ரப்பர் பேட் போட்டுவிட்டுக் குழாயை அப்படியே இறுக்கமாக விட்டால் பயனில்லை, அதிர்வு குழாய் வழியே ஏறும். மோட்டாரை ஒட்டி ரப்பர் பெல்லோஸ் இணைப்பு, சுவர்க் கிளாம்புகளில் ரப்பர் உறை, சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி இடைவெளி, நான்கும் சேர்ந்தால்தான் வேலை முழுமை. பழைய மோட்டாரில் பேரிங் தேய்மானத்தையும் பாருங்கள். மேல்தொட்டி போதுமான அளவு இருந்தால் ராத்திரி 10 முதல் காலை 6 வரை மோட்டார் ஓடாதபடி டைமர் வைப்பது செலவே இல்லாத மருந்து.

எஸ்.டி.பி. பிளோயர்: ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள். காற்று இல்லாவிட்டால் கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் சாகும். ரீங்காரத்துக்குப் பதில் நாற்றம் வரும். காற்று இழுக்கும் வாயில் சைலன்ஸர், ஒலி அடக்கும் கூண்டு, ராத்திரியில் வேகக் குறைப்பு ஆகியவற்றைக் கேளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்: தொடவே கூடாது. பெஸ்காமுடையது என்றால் 1912-இல் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் சுமை குறைந்து மின்னழுத்தம் ஏறும்போது ஓசை கொஞ்சம் கூடுவது இயல்பு. திடீரென்று மாறினாலோ கரகரத்தாலோ உடனே சொல்லுங்கள்.

சுவரில் ஒட்டும் ஃபோம் அட்டைகளை வாங்காதீர்கள். 100 ஹெர்ட்ஸை நன்றாக விழுங்க அதற்குச் சுமார் 85 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இரண்டு அங்குல அட்டை எதிரொலியைக் குறைக்கும். ரீங்காரத்தை ஒன்றும் செய்யாது.

சட்டத்தை எப்போது எடுப்பது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் (ஏ) என்று வரம்பு வைக்கின்றன. 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டரின் உறையிலிருந்து 1 மீட்டரில் 75-ஐத் தாண்டக்கூடாது. வரம்பைவிட 10 டெசிபல் மிஞ்சினால் புகார் செய்யலாம் என்று விதி சொல்கிறது. பக்கத்துக் கட்டடம் பேச்சுக்கு மசியவில்லை என்றால் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

ஆனால் 'ஏ' என்ற அந்த எழுத்தைக் கவனியுங்கள். காது தாழ்ந்த சுருதியை மங்கலாகக் கேட்கும் என்பதால் அந்த அளவுமுறை 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலையும் கழித்துவிடுகிறது. அதனால் தூக்கத்தைக் கெடுக்கும் ரீங்காரம்கூட மீட்டரில் தேர்ச்சி பெற்றுவிடும். அளக்க வருபவரிடம் 'சி' அளவையும், அலைவரிசை வாரியான அளவையும் சேர்த்துக் கேளுங்கள். போன் காட்டும் டெசிபலை ஆதாரமாக வைக்காதீர்கள். போன் காட்டும் ஹெர்ட்ஸை வையுங்கள்.

உங்கள் அபார்ட்மென்டுக்குள்ளேயே என்றால் சட்டத்துக்கு முன் ஒரு பக்கக் கடிதம். அதில் கோபம் வேண்டாம். நாட்கள், நேரங்கள், ஹெர்ட்ஸ் எண், அணைத்துப் பார்த்த சோதனையின் முடிவு, நீங்கள் கேட்கும் ஒரே ஒரு மாற்றம் ஆகியவை போதும். கமிட்டிக்காரரும் அன்றாடம் லிஃப்டில் உங்களைப் பார்க்க வேண்டியவர்தான். "உங்க மோட்டார்" என்று எழுதாமல் "நம்ம மோட்டார்" என்று எழுதுங்கள்.

பழுது பார்த்த பிறகு அதே நோட்டில், அதே அறையில், இன்னொரு வாரம் எழுதுங்கள். ஓசை போய்விட்டால் அன்றே ஒவ்வொரு பம்ப், பிளோயர், லிஃப்ட் மோட்டாரின் ஹெர்ட்ஸையும் அளந்து மெயின்டனன்ஸ் பதிவேட்டில் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் நன்றாக இருந்த நாளின் அளவு இருந்தால், அடுத்த முறை ரீங்காரம் எழும்போது கமிட்டி மாறியிருந்தாலும், புதிதாக வருபவர் பதிவேட்டைப் புரட்டியே தேடலைத் தொடங்கலாம்.